லைசென்ஸ் புதுப்பிக்கப் போய் நான் பட்ட பாடு

போன வாரம் கடை லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. நிம்மதிதான். ஆனால் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. எங்கள் வரிசையில் இருக்கும் முடிதிருத்தும் கடைக்காரர், பூக்கடை அக்கா, மளிகைக்கடை அண்ணன் எல்லோரும் “என்னென்ன கேட்டாங்க?” என்று தினமும் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது பினாங்கில் ஒரு சின்ன வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. சமையல் சின்னம்மா. கல்லாவில் நான். உதவிக்கு இரண்டு பேர். இத்தனை வருஷமும் டிசம்பரில் பழைய லைசென்ஸையும் பணத்தையும் கவுண்டரில் நீட்டுவோம், புதுசு வந்துவிடும். இந்த முறை புதுப்பிப்பது ஆன்லைனுக்குப் போய்விட்டது. ஆன்லைன் என்றால் வேலை குறையும் என்று நினைத்தால், லைசென்ஸ் தரும் ஊராட்சி மன்றத்தின் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் தாள்களைக்கூட மறுபடி ஏற்றச் சொன்னது. ஒரு பெட்டி காலியாக இருந்தாலும் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது.

சுலபமாக முடிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.எம் (மலேசிய நிறுவன ஆணையம்) வியாபாரப் பதிவு, அவர்களுடைய ஈஸிபிஸ் தளத்தில் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்தது. கடைக்குத் தனிப் பெயர் இருந்தால் வருஷத்துக்கு 60 வெள்ளி (ரிங்கிட்), சொந்தப் பெயரிலேயே நடத்தினால் 30 வெள்ளி, தகவல் தாளுக்கு 10 வெள்ளி. ஐந்து வருஷம் வரைக்கும் சேர்த்துக் கட்டலாம், கட்டிவிடுங்கள். கடைப் படம், மேசை நாற்காலி எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம், ஐசி (அடையாள அட்டை) நகல் எல்லாம் ஒரு சாயங்காலத்தில் முடிந்த வேலை.

டைஃபாய்டு ஊசிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி சாப்பாட்டைத் தொடுகிற எல்லோருக்கும் இந்த ஊசியும், உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். ஊசி மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். பயிற்சி ஏறக்குறைய மூன்று மணி நேரம், கட்டணம் 50 வெள்ளி. சின்னம்மாவுக்கு மலாய் பேச வரும், வாசிக்க வராது. அதனால் தமிழில் வகுப்பு எடுக்கும் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்தோம். முப்பது வருஷமாகச் சமைக்கிறவர், கடைசியில் வைக்கும் சின்னத் தேர்வுக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தார். சான்றிதழை வாங்கியதும் அதை நேராக சாமி அறையில் கொண்டுபோய் வைத்தார். உங்கள் ஆள்களின் ஊசி அட்டையில் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இந்த விதிகளை மீறினால் சட்டப்படி 10,000 வெள்ளி வரைக்கும் அபராதமோ இரண்டு வருஷம் வரைக்கும் சிறையோ உண்டு. ‘அதெல்லாம் பெரிய ரெஸ்டாரண்டுக்கு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி சிக்கலுக்கு வருகிறேன்.

விண்ணப்பத்தை அனுப்பிக் கொஞ்ச நாளில் நிலைமை ‘தாக் லெங்காப்’, அதாவது ‘முழுமையாக இல்லை’ என்று மாறியது. எது குறைகிறது என்று ஒரு வரி இல்லை. கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்த கிராணி (எழுத்தர்) திரையைப் பார்த்துவிட்டு வாடகை ஒப்பந்தம் சரியில்லை என்றார். என்ன சரியில்லை என்று கேட்டால், முத்திரை இல்லை, முத்திரையோடு ஏற்றுங்கள் என்று சொல்லி அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். வேறு ஏதாவது குறைகிறதா என்று கேட்டேன். “இத்து சாஜா” என்றார். அது மட்டும்தானாம். அந்த இரண்டு வார்த்தையை நம்பித்தான் நான் எழுந்து வந்தேன். அது மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முத்திரையைச் சரிசெய்துகொண்டு போனால் கிரீஸ் டிராப் (கழிவுநீரில் எண்ணெயைப் பிடிக்கும் பெட்டி) படம் எங்கே என்றார், அதைக் கொண்டுபோனால் பெயர்ப்பலகைக்கு மொழி ஒப்புதல் எங்கே என்றார். அந்தத் திரையில் முதல் நாளே மூன்றும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மதியச் சாப்பாட்டு வியாபாரத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. சின்னக் கடைக்கு மதியம் போனால் அந்த நாளே போனது. அதைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் யோசிப்பதாகவே தெரியவில்லை.

முதலில் முத்திரை. எங்கள் ஒப்பந்தம் 2025 ஜூலையில் புதுசாகப் போட்டது, இரண்டு வருஷத்துக்கு, மாதம் 1,800 வெள்ளி வாடகை. எழுதித் தந்த ஏஜண்ட் தன் கூலியோடு முத்திரை வரிக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினார். எதற்கு எவ்வளவு என்று அவரே வாட்ஸ்அப்பில் பிரித்து அனுப்பியிருந்தார். அவர் தந்த நகலில் இரண்டு பேர் கையெழுத்தும், ஓர் இடத்தில் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. அது அவருடைய கம்பெனி ஸ்டாம்ப். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் முத்திரைச் சான்றிதழ் வேறு தாள், அதற்கென்று தனி நம்பர் இருக்கும். அந்தத் தாள் எங்களுக்கு வரவே இல்லை. போன் செய்தால் “ஆபீஸில் இருக்கு, தேடித் தருகிறேன்” என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. கடைச் சொந்தக்காரர் வயதான சீனத் தவுக்கே (முதலாளி), நல்ல மனிதர். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக முத்திரை இல்லாமலே வாடகைக்கு விட்டிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை என்று அவர் பங்குக்கு வருத்தப்பட்டார்.

இதில் சட்டம் மாறியிருப்பது பலருக்குத் தெரியாது. முன்பு வருஷ வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு முத்திரை வரி கிடையாது. 2025 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது, முழு வாடகைக்கும் வரி. ஒப்பந்தம் ஒரு வருஷம் வரைக்கும் என்றால் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி, ஒரு வருஷத்துக்கு மேல் மூன்று வருஷம் வரைக்கும் என்றால் 3 வெள்ளி. எங்கள் கணக்கு இப்படி வந்தது. வருஷ வாடகை 21,600. அதை 250-ஆல் வகுத்தால் 86.4, மேலே கூட்டி 87. பெருக்கல் 3, ஆக 261 வெள்ளி. நகலுக்கு 10 வெள்ளி. கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் கட்டியிருந்தால் அவ்வளவுதான். தாமதம் மூன்று மாதத்துக்குள் என்றால் 50 வெள்ளி அல்லது வரியில் 10 விழுக்காடு, மூன்று மாதத்தைத் தாண்டினால் 100 வெள்ளி அல்லது 20 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது. நாங்கள் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டோம். யாரோ செய்யாமல் விட்ட வேலைக்கு 100 வெள்ளி அபராதம். அதோடு, ஏற்கெனவே ஒருமுறை கொடுத்த வரியை மறுபடியும் கட்டினேன்.

கட்டுகிற வேலை சுலபம்தான். எல்லாம் ஆன்லைன், எங்கள் 2025 ஒப்பந்தத்தை ஏற்றியதும் அவர்களே கணக்குப் போட்டு அனுப்பினார்கள், வங்கிக் கணக்கிலிருந்தே கட்டிச் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். 2026 ஜனவரி முதல் வாடகை ஒப்பந்தங்களுக்கு வரியை நாமே கணக்கிட்டுச் சொல்லும் முறை வந்துவிட்டது, அதனால் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது இன்னும் முக்கியம். லைசென்ஸை விடுங்கள், முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சாட்சியாக ஏற்க மாட்டார்கள். நாளைக்கு வீட்டுக்காரருக்கும் நமக்கும் தகராறு என்றால் கையில் இருப்பது வெறும் காகிதம். ஏஜண்டிடம் பணம் கொடுக்கும்போதே “சிஜில் செத்தெம் (முத்திரைச் சான்றிதழ்) கையில் வந்தால்தான் மிச்சப் பணம்” என்று சொல்லிவிடுங்கள். முறைத்தாலும் பரவாயில்லை.

அடுத்தது கிரீஸ் டிராப். சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் நேராக லொங்காங்குக்கு (சாக்கடைக்கு) போகக்கூடாது, எண்ணெயைப் பிடித்துவைக்கும் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். இந்த விதி சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் பின்சந்து லொங்காங்கை மழைக்காலத்தில் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். தேங்காய்ப்பால், தாளித்த எண்ணெய், இறைச்சிக் கொழுப்பு எல்லாம் உறைந்து, மெழுகு மாதிரி சிமெண்டில் ஒட்டிக்கிடக்கும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறி வருவது எங்கள் சமையல்கட்டுக்குள்தான்.

எங்களிடம் பெட்டி இருந்தது. போன வருஷம்தான் ஒரு கடையில் வாங்கினோம், அவர்கள் ஆளே வந்து பொருத்திவிட்டும் போனார். “லைசென்ஸுக்கு இது போதும், நிறைய கடைக்குப் போட்டிருக்கோம்” என்று சொல்லித்தான் விற்றார்கள். சோதனைக்கு வந்த சுகாதார அதிகாரி சிங்குக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். மூடியைத் திறக்கச் சொன்னார். வந்தது மதியம் பன்னிரண்டரைக்கு, வாசலில் ஆள் நிற்கிற நேரம். ஆனால் மனிதர் தன்மையாகவே பேசினார், அதையும் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் மூன்று அறை. முதல் அறையில் இருக்கிற கூடை சோறு, கறிவேப்பிலை, எலும்புத் துண்டைப் பிடிக்கும். நடு அறையில் தண்ணீர் வேகம் குறைந்து எண்ணெய் மேலே மிதக்கும். கடைசி அறையில் அடியில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியேறும். அவர் ஒரு கரண்டியை வாங்கி மேலே படிந்திருந்த மஞ்சள் படலத்தை ஒதுக்கிவிட்டு, குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் நடு அறையில் நிற்கவே இல்லை, எண்ணெயையும் இழுத்துக்கொண்டு ஓடியது. எங்கள் அளவு பாத்திரம் கழுவுகிற கடைக்கு அந்தப் பெட்டி பத்தாது. அதைவிட மோசம், பெரிய குண்டான் கழுவும் இரண்டாவது சிங்க்கின் குழாய் பெட்டியையே தொடாமல் நேராக வெளியே போயிருந்தது. பொருத்தின ஆள் அதை இணைக்கவே இல்லை.

விற்ற கடையில் கேட்டதற்கு, நீங்கள் ஒரு சிங்க் என்றுதானே சொன்னீர்கள் என்றார்கள். ரசீதில் இரண்டு சிங்க் என்று அவர்கள் ஆளே எழுதியிருந்தார். அதைக் காட்டிய பிறகுதான் பெரிய பெட்டிக்குப் பழையதின் விலையைக் கழித்துக்கொண்டார்கள். ரசீதைத் தூக்கிப் போடாததால் கிடைத்த வெற்றி இது. அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

அந்த அதிகாரி சொல்லித் தந்த சில விஷயங்கள் விற்கிறவர்கள் சொல்லாதவை. வெந்நீரும் நிறைய சோப்பும் ஊற்றினால் எண்ணெய் உருகிப் பெட்டியைத் தாண்டிப் போய்விடும், அப்புறம் வெளியே லொங்காங்கில் போய் உறையும். அதனால் தட்டையும் குண்டானையும் முதலில் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் சிங்க்குக்குக் கொண்டுபோக வேண்டும். மிதக்கிற எண்ணெயை அடிக்கடி வழித்துப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். சுத்தம் செய்த தேதியைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த சோதனைக்கு அந்தத் தாளையே படம் எடுத்துக் கொடுக்கலாம். பொரித்த எண்ணெயைத் தனி டின்னில் சேர்த்து, வாங்கிப்போக வருகிறவர்களிடம் கொடுத்தால் கொஞ்சம் காசும் வரும்.

பெயர்ப்பலகை விஷயத்தில் எனக்கு வருத்தம் அதிகம். பழைய பலகை வெயிலில் வெளுத்துப்போய் புதுசுக்கு ஆர்டர் கொடுத்திருந்தோம். மலாய் மொழி பெரிதாக, முதன்மையாக இருக்க வேண்டும், மற்ற மொழி அதைவிடச் சின்னதாக இருக்கலாம் என்பது ரொம்ப நாளாகவே இருக்கும் விதி. மலாயில் எழுதியிருப்பது சரியா என்று மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவிடம் ஒப்புதலும் வாங்க வேண்டும். பலகை செய்கிறவரிடம் இதை முதலிலேயே சொன்னேன். “எல்லாம் எனக்குத் தெரியும், ஒப்புதலும் நானே எடுத்துத் தருகிறேன்” என்றார். கடைசியில் தமிழ்ப் பெயரைப் பெரிய சிவப்பு எழுத்தில் நடுவில் வைத்து, மலாயை அடியில் ஒரு மெல்லிய கோடாக ஓட்டி, ஒப்புதலும் வாங்காமல் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வழியில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். ஆனால் அது அப்படியே நிற்காது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கழற்றித்தான் ஆக வேண்டியிருந்தது.

டேவான் பஹாசாவின் வட்டார அலுவலகம் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறது. ஆனால் நேரில் போகத் தேவையில்லை, விண்ணப்பம் ஆன்லைனிலேயே முடிகிறது. பலகையின் படத்தை மட்டும் தெளிவாக ஏற்ற வேண்டும். கடையின் பெயர் அப்படியே இருக்கலாம், என்ன கடை என்று சொல்லும் வார்த்தைகள்தான் சரியான மலாயில் இருக்க வேண்டும். மறுபடி வரைந்தபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். மலாய் மேலே பெரிதாக வந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே தமிழ், விதி அனுமதிக்கும் அளவுக்குத் தடித்த எழுத்தில். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று வாசித்துப் பார்த்தேன், தெரிகிறது. பலகையில் தமிழ் போடவே பயந்து விட்டுவிடுகிற கடைக்காரர்களை எனக்குத் தெரியும். விதி தமிழை வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவு தெரிந்து போடுங்கள், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒப்புதல் கைக்கு வருவதற்கு முன்னால் மட்டும் யாரையும் அச்சடிக்க விடாதீர்கள்.

இவ்வளவும் நடக்கும்போதே டிசம்பர் முடிந்து பழைய லைசென்ஸின் தேதி போய்விட்டது. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். லைசென்ஸுக்கு மன்றம் எந்த நிபந்தனையும் போடலாம், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே ரத்தும் செய்யலாம். அவ்வளவு அதிகாரம் அந்தப் பக்கம் இருக்கும்போது, குறையை முழுசாகச் சொல்கிற கடமையாவது அவர்களுக்கு வேண்டாமா? நாங்கள் விதியை எதிர்க்கவில்லை. ஊசி வேண்டும், கிரீஸ் டிராப் வேண்டும், முத்திரை வேண்டும், சரி. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி முதல் நாளே கொடுத்தால் நாங்கள் செய்யப் போகிறோம். பெரிய கம்பெனிக்கு இதற்கென்று ஆள் இருக்கிறது. சின்னக் கடையில் கவுண்டருக்குப் போகிறவரும் கல்லாவில் இருக்கிறவரும் ஒரே ஆள்தான். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதையும் கொடுத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு மதியத்தை இப்படி இழப்பது எவ்வளவு கஷ்டம் என்று கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் காரியம் நடந்தது ஓர் அம்மாவால். அன்றைக்கு அதே கவுண்டரில் வேறு கிராணி, கொஞ்சம் வயதானவர். நான் உட்காரும்போதே சொல்லிவிட்டேன்: “காக் (அக்கா), இனி என்னென்ன குறைகிறதோ எல்லாத்தையும் இந்தத் தாளில் எழுதிக் கொடுங்க, கீழே தேதியும் பெயரும் போடுங்க.” அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். மேசைக்குள்ளிருந்து அச்சடித்த ஒரு செனாராய் செமாக் (சரிபார்ப்புப் பட்டியல்) எடுத்து, எங்களுடையதில் முடிந்ததற்கெல்லாம் டிக் போட்டு, மிச்சமிருந்ததை வட்டமிட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தப் பட்டியல் அத்தனை நாளும் அதே மேசைக்குள்தான் இருந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்ற தாளையும் அவரே அச்சடித்துக் கொடுத்து, லைசென்ஸ் மாட்டுகிற இடத்தில் இதை மாட்டு, யாராவது வந்து கேட்டால் காட்டு என்றார்.

நீங்கள் போனால் முதல் நாளே அந்தப் பட்டியலைக் கேளுங்கள். வாய்ப் பேச்சை நம்பி எழுந்து வராதீர்கள். கட்டிடத்தின் மதிப்பீட்டு வரி பாக்கி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், எங்கள் தவுக்கே கட்டி வைத்திருந்ததால் பிழைத்தோம். ஏற்றுகிற பிடிஎஃப் கோப்பு பெரிதாக இருந்தால் தளம் ஒன்றும் சொல்லாமல் விழுங்கிவிடுகிறது. அதனால் ஏற்றியதும் திறந்து பாருங்கள். ஸ்டால் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: பினாங்கில் 2016 முதல் அங்காடிக் கடைகளில் உள்ளூர் உணவை வெளிநாட்டு வேலையாள் சமைக்கக்கூடாது. நேரில் வந்து பார்க்கும்போது கரண்டி யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

தைப்பூசத்துக்கு முன்னால் லைசென்ஸ் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வரவில்லை. பரவாயில்லை. இப்போது மிச்சம் இருப்பது அந்த ஏஜண்ட் கணக்கு. வாங்கிய முத்திரைப் பணத்தை மட்டும் திருப்பித் தருகிறேன், அபராதம் என் பொறுப்பில்லை என்று செய்தி அனுப்பியிருக்கிறார். 5,000 வெள்ளி வரைக்கும் உள்ள தொகைக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, 198-ஆம் பாரத்தை (படிவத்தை) நிரப்பிக் கொடுத்தால் போதும். அவர் பிரித்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, நான் கட்டிய அபராத ரசீது, முத்திரைச் சான்றிதழின் தேதி மூன்றையும் அச்சடித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கடைக்கு லீவு. அன்றைக்குப் போய்ப் பாரத்தைக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன்.